எமரால்டு உறைபனியில் ஒரு பைக்கும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

போன ஜனவரியில் எங்கள் ஊர் கட்டபெட்டிலிருந்து மலையின் அந்தக் கோடியில் இருக்கும் கின்னக்கொரை வரை பைக்கில் போய் வரலாம் என்று கிளம்பினோம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வடதுருவத்துப் பக்கம் ஆளே இல்லாத பனிக்காட்டில் ஒருத்தன் நாள்கணக்கில் பைக் ஓட்டும் வீடியோவை போனில் பார்த்தேன். தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கத்திலேயே நின்று வெந்தவன் நான். அப்படிப்பட்ட குளிர் ஆளை என்னதான் செய்யும் என்று பார்க்க ஆசை.

"போற வழியில எமரால்டுலயே உறைபனி கொட்டுதாம். மொதல்ல அதுல ஓட்டிக் காட்டுங்க, அப்பறம் துருவம் போலாம்" என்றாள் என் மனைவி சாந்தி. சொன்னதோடு விடாமல் மூணு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மெத்தையைக் கட்டிக்கொண்டு போவது மாதிரிதான் இருந்தது.

காலை 4.40க்குக் கிளம்பினோம். ஊட்டி 21 கிலோமீட்டர். அங்கே டேங்க் நிரப்புவதாகத் திட்டம். பங்க்கில் சங்கிலி கட்டியிருந்தது, ஆறு மணிக்குத்தான் திறப்பார்களாம். டீ குடித்தோம், ரெண்டு டீ 30 ரூபாய். காத்திருக்கலாம் என்றாள் சாந்தி. வெயில் வந்தால் பனி கரைந்துவிடும் என்று நான்தான் அவசரப்பட்டேன். டேங்கில் இருந்தது ரெண்டு லிட்டர்.

எமரால்டுக்கு 20 கிலோமீட்டர். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. வேடிக்கை என்னவென்றால் ரோட்டோர மேட்டில் புல் பச்சையாக இருக்கிறது, கீழே பள்ளத்தில் மட்டும்தான் பனி. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியுமா? வண்டியை நிறுத்தி உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்கினேன். ஒரு இலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டேன். இலை அப்பளம் மாதிரி ஒடிந்து கையோடு வந்தது.

"ஏனுங்க! கைய எடுங்க! ஒடியுதல்ல!" என்று ஒரு பெண் ஓடி வந்தார். தோட்டக்காரர். பேர் ராதா.

"தட்டி உட்டா நல்லதுன்னு நெனச்சேனுங்க."

"நீங்க நெனச்சது போதுமுங்க. பனி செடிய ஒண்ணும் பண்ணாது. பனியோட இருக்கறப்ப வெயில் பட்டுச்சுன்னாத்தான் கருகிரும். அதுக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவி உடணும்."

"அப்ப அடிக்கலைங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. தண்ணி இறைக்கும் பெட்ரோல் மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது, பெட்ரோல்தான் இல்லை. "எங்க ஊட்டுக்காரர் கேன்ல இருந்ததப் பூரா வண்டிக்கு ஊத்திட்டு மூணு மணிக்கே கூலிக்குக் கேரட் கழுவப் போயிட்டாருங்க. போனையும் எடுக்க மாட்டேங்கறாரு. எங்களுக்கு இந்த வருசம் இருக்கறது இந்தக் கெழங்கு ஒண்ணுதான்."

மணி 6.50. எதிர் மலை உச்சியில் வெயில் விழுந்து, பார்க்கப் பார்க்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் டேங்கைப் பார்த்தேன். கொடுத்தால் கின்னக்கொரை போச்சு.

"அரை லிட்டர் போதுமுங்களா?" என்று இழுத்தேன்.

"ஊர் சுத்த வந்த மனுசனுக்கு அளவப் பாரு! ட்யூபப் புடுங்குங்க" என்றாள் சாந்தி.

பெட்ரோல் ட்யூபைக் கழற்றி தண்ணி பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்தேன். மோட்டார் ஆறு இழுப்புக்கு அசையவில்லை, ஏழாவதில் பிடித்தது. ராதா ஒரு ஹோஸ், சாந்தி ஒரு ஹோஸ். செடியில் சிக்காமல் ஹோஸை இழுத்து விடும் வேலை எனக்கு. பத்து நிமிஷத்தில் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"எப்படிங்க, துருவம் நல்லாருக்குதுங்களா?" என்று சாந்தி கத்தினாள்.

7.20க்கு வெயில் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. கடைசி ரெண்டு பாத்திக்கு மட்டும் தண்ணி எட்டவில்லை. பனி உருகி, அந்த ரெண்டும் மற்றதைப் போலவே பச்சையாகப் பளபளத்தது. "ஒண்ணும் ஆகலைங்களே!" என்றேன்.

"பொறுங்க" என்று ராதா வரக்காப்பி கொடுத்தார். நாங்களும் போகாமல் உட்கார்ந்திருந்தோம். எட்டரைக்குள் அந்த ரெண்டு பாத்தி மட்டும் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. கிளம்பும்போது கருக்கத் தொடங்கியிருந்தது. மீதித் தோட்டம் நிமிர்ந்து நின்றது. ராதா கருகியதைப் பார்க்கவில்லை, மீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்த பெட்ரோலில் ஊட்டி திரும்பி 300 ரூபாய்க்குப் போட்டு ஊர் வந்தோம். கின்னக்கொரை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுங்கள். கம்பளிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போடுங்கள். உறைபனி பார்க்க ஆறரைக்குள் பள்ளத்தில் இருக்க வேண்டும். மேட்டில் நின்று தேடினால் கிடைக்காது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், தண்ணி மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்குமாம். இதுவும் ராதா சொன்னதுதான். தோட்டத்தில் இறங்கினால் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஹோஸோடு ஓடினால் போட்டோவை அப்புறம் எடுக்கலாம்.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் குளிர் ஏறினால் விடிவதற்குள் சாந்தி எழுந்து எமரால்டுக்குப் போன் போடுகிறாள். எடுப்பது ராதாவின் வீட்டுக்காரர். "பெட்ரோல் இருக்குதுங்களாண்ணா?" என்பாள் இவள்.

"இருக்குதுங்கம்மா, நான் தொடலைங்க" என்கிறாராம்.