தறிச் சத்தமும் தேங்காய் நாரும்

எடப்பாடியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்துத் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர்தான். விடிந்ததும் ஓடத் தொடங்கும் விசைத்தறிகள் இருட்டும்வரை ஓயாது. பல வருடம் அதை நான் கவனித்ததே இல்லை. தலையில் ஆபரேஷன் முடிந்து மனைவி வீட்டில் படுத்த பிறகுதான் எனக்கும் அது கேட்கத் தொடங்கியது. தறியின் ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்களை இறுக்கிக்கொள்வாள்.

தேங்காய் நாரை அழுத்திச் செய்த தகடு சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்று மெத்தைக் கடையில் சொன்னார்கள். வேலை விட்டு வந்த அலுப்போடு, அந்தச் சுவர் முழுக்கச் சட்டம் அடித்துத் தகடுகளைப் பொருத்தினேன்.

மனைவி கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தாள். "அப்படியேதானுங்க இருக்குது. நீங்க போய்ச் சாப்புடுங்க" என்றாள்.

அறைக்குள் எங்கள் பேச்சுதான் அமுங்கிப்போயிருந்தது. தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

மறுநாள், மதியம் மட்டுமாவது நிறுத்தச் சொல்லலாம் என்று தறிக்கூடத்துக்குப் போனேன். மேலே தகரம், சுற்றிலும் வெறும் சுவர். தறிச் சத்தத்தில் நெஞ்செலும்பே அதிர்ந்தது. தறி ஓட்டும் புருஷனும் பெண்டாட்டியும் கைச்சாடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னை வெளியே கூட்டி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, அக்காளுக்குத் தொந்தரவா இருக்குதுங்களா?"

"உங்களுக்கு?"

"ஊட்டுல போய்ப் படுத்தாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டேதானுங்க இருக்குது."

நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாரை வைக்க வேண்டிய இடம், சத்தம் தகரத்தில் மோதித் திரும்பும் இதுதான் என்று தோன்றியது; அதை அவளிடம் சொன்னேன்.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சுவரிலிருந்து தகடுகளைக் கழற்றினேன். அவள் புருஷனும் நானும் மோட்டாரையும் வயரையும் விட்டுத் தள்ளியே தகரத்துக்கு அடியில் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டோம்.

திங்கட்கிழமையும் சத்தம் இருந்தது. ஆனால் அந்தக் கூர்மை குறைந்திருந்தது. தரை வழியாக வரும் அதிர்வு மட்டும் அப்படியே இருந்தது. மதியம் மனைவி சற்றுக் கண்ணயர்ந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நானும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனேன்.

"இப்பக் கத்திப் பேசுனா காதுல உழுகுதுங்கண்ணா" என்றாள் அந்தப் பெண், சாயங்காலம்.

நாரில் பஞ்சுத் தூசு அடைந்துவிடுகிறது. அப்படியே விட்டால் தீப்பிடிக்கும் என்ற பயம். அதனால் ஞாயிறுதோறும் அவள் புருஷனும் நானும் தகடுகளை இறக்கித் தட்டி உதறி மறுபடி கட்டுகிறோம். இடுப்பு விட்டுப்போகிறது. மனைவி தூங்குகிறாள், அது போதும்.