துப்பாக்கி அக்கா

காதோரம் வைத்துத்தான் இழுத்துப் பார்ப்பார். பழைய துப்பாக்கியைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுவார். தோட்டாவை உள்ளே தள்ளி, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே இழுத்துப் போடும் இரும்புத் தண்டுதான் போல்ட். அது போய் வருகிற ஓசையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. "இவனுக்கு மூச்சிரைக்குது" என்பார். அல்லது, "இவன் நல்லாத்தான் இருக்கான், சும்மா நடிக்கிறான்."

அதற்கும் முன்னால் ஒரு சடங்கு உண்டு. யார் கொண்டுவந்தாலும் சுண்டுவிரலைத் தோட்டா உட்காரும் குழிக்குள் விட்டுத் துழாவுவார். "காலிதான் அக்கா" என்று சொன்னால், "உங்க வாயை நம்புறேன். இதோட வாயை நம்ப மாட்டேன்" என்பார்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் பின்கட்டில், உடை மாற்றும் அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய அறை. உயரம் குறைவு, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல். கொண்டையில் துணிக்கு மாட்டும் கிளிப். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. மூன்றாவது எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பார். தையல் மிஷின் பழுது பார்க்கும் வீட்டில் பிறந்தவர். கிளப்பின் ஆயுத அறைப் பூட்டைச் சரிசெய்ய ஒருநாள் வந்தார். பூட்டைத் திறந்தவர் உள்ளே இருந்ததைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறார். "கல்யாணத்துக்கு முந்தி என்னையும் ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் சரின்னா" என்று எல்லோரிடமும் சொல்வார். அக்கா மறுப்பதில்லை.

அவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம் ஒன்று: "ஒரே சாயல்ல இருக்குன்னு எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளை ஆயிடுமா?" பழைய துப்பாக்கிகளில் ஒரே பெயர், ஒரே உருவம் இருக்கும். ஆனால் முந்தைய தயாரிப்பின் திருகு பிந்தையதில் ஏறாது. ஏறினாலும் நிற்காது. அதனால் கழற்றுகிற எதையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று தனி மிட்டாய் டப்பாவில்தான் போடுவார்.

இப்படிப்பட்ட அக்காவுக்கே சென்ற மாதம் மூக்கு உடைந்தது.

பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒரு போட்டி என்று கிளப் அறிவித்திருந்தது. பல் டாக்டர் ஒருவர், அப்பா விட்டுப்போன துப்பாக்கியைத் தூசி தட்டி எடுத்துவந்தார். போல்ட்டை இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடுகிறது என்றார். அப்படி வராமல் தடுக்க, துப்பாக்கியின் இடப்பக்கச் சுவரில் ஒரு ஸ்டாப்பர் இருக்கும். சுவரைத் தாண்டி உள்ளே நீளும் ஒரு பல். பின்னால் வருகிற போல்ட் அதில் முட்டி நிற்கும். அக்கா திறந்து பார்த்தார். பல்லைத் தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்து கிடந்தது. புதிதாக மாற்றி, காதோரம் இழுத்துப் பார்த்து, "சரியாப் போச்சு, கொண்டுபோங்க டாக்டர்" என்று கொடுத்துவிட்டார்.

பயிற்சியில் டாக்டர் வேகமாக இழுத்தார். போல்ட் கழன்று, கையை விட்டுப் பறந்து, பின்னால் நின்ற கிளப் செயலாளரின் கால் கட்டைவிரலில் இறங்கியது. நகம் நாவல்பழ நிறமானது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் ரிப்பேர் வேலையை வெளியே கொடுத்துவிடுவோம் என்று செயலாளர் நொண்டிக்கொண்டே வந்து சொன்னார்.

அக்கா வாதாடவில்லை. "ஸ்பிரிங் ஒரு திருடன்தான். அவனைப் பிடிச்சதும் தேடுறதை நிறுத்திட்டேன். உள்ள இன்னொருத்தன் இருந்திருக்கான்" என்றார். அன்று அவர் கொண்டு வந்த சாப்பாடு திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனது.

மறுநாள் வந்தவர் பேக்கரிக்காரர். அவரிடமும் அதே மாதிரித் துப்பாக்கி, நேர்மாறான நோய். போல்ட் நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பழுது பார்க்கக் கொடுத்திருந்த என் ஏர் ரைபிளைத் திரும்ப வாங்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"பல்லு ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டு போல்ட்டை உரசுதுக்கா. கொஞ்சம் ராவி விட்டாப் போதும், போட்டி நெருங்குது" என்றார் பேக்கரிக்காரர்.

அவர் சொன்னது சரிதான். போல்ட்டின் விலாவில் நீளக் கீறல். அக்கா பல்லைக் கழற்றிப் பிடிகருவியில் இறுக்கி, அரத்தை எடுத்து மேலே வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. மூக்குக் கண்ணாடியை ஏற்றி, நெற்றிக் கண்ணாடியை இறக்கினார்.

"இது முந்தின தயாரிப்போட பல்லு. அதுல சுவர் தடிமன், அதனால பல்லு நீளம். உங்களோடது பிந்தினது, சுவர் மெலிசு. குட்டைப் பல்லுதான் இருக்கணும்." அரத்தைக் கீழே வைத்தார். "உங்க வீட்ல இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

"எங்க வீட்ல இல்ல. பக்கத்து வீட்ல இருக்கு."

"பக்கத்து வீட்ல யாரு?"

பேக்கரிக்காரர் சுவரைப் பார்த்தார். "அண்ணன்."

"என்ன பண்றார்?"

"பல் டாக்டர்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆட்டைத் தூக்கி மாட்டுல போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டுல போட்டிருக்கீங்க! உங்க குட்டைப் பல்லு அங்க எட்டாமத்தான் அவர் போல்ட் பறந்திருக்கு. இதை நான் ராவியிருந்தேன்னா ரெண்டுமே போயிருக்கும்."

மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா ஒப்பவில்லை. ஒருவர் துப்பாக்கியின் பாகத்தை இன்னொருவருக்குக் கொடுக்க, இரண்டு பேரும் எதிரில் நின்று சரி என்று சொல்ல வேண்டும் என்றார். டாக்டருக்குப் போன் செய்தார்.

"அவன் அங்க இருந்தா நான் வர மாட்டேம்மா" என்ற குரல் எனக்கே கேட்டது.

"வராதீங்க டாக்டர். நானும் கைவைக்க மாட்டேன். போட்டியன்னிக்கு உங்க போல்ட் யார் கால்ல விழுதோ, அவங்ககிட்ட நீங்களே பேசிக்கோங்க."

டாக்டர் வந்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்து நின்றார், தம்பி கதவைப் பார்த்து நின்றார். சரி என்ற சொல்லை இருவரும் மேஜையிடம்தான் சொன்னார்கள். அக்கா இரண்டு பற்களையும் இடம் மாற்றிப் பொருத்தினார். இம்முறை காதோரம் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்தார், வேகமாக இழுத்தார், பிறகு கோபக்காரன் இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்தார். இரண்டு போல்ட்டும் வழுக்கிக்கொண்டு வந்து, நிற்கவேண்டிய இடத்தில் 'டக்' என்று நின்றன.

"எப்படி மாறிச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

டாக்டர் ஜன்னலிடமே சொன்னார். "எங்க வீட்ல உக்காந்து ரெண்டையும் ஒண்ணாத்தான் துடைச்சோம். புது சோபால எண்ணெய் கொட்டிடுச்சு. பேச்சு வளந்துது. இவன் கைக்கு வந்ததைத் துண்டுல வாரிக்கிட்டுப் போயிட்டான்."

"போடான்னு சொன்னது யாரு?" என்றார் தம்பி.

"எண்ணெயைக் கொட்டினா பின்ன என்னடா சொல்லுவாங்க? அதுக்காக, அப்பா எல்லாத்தையும் எனக்கே குடுத்தார்னு கேப்பியா?"

"கேட்டேன். தப்புதான். ஆனா எண்ணெய்க் குப்பியைத் தட்டினது நான் இல்லண்ணே. உங்க முழங்கை."

டாக்டர் திரும்பினார். அந்த அறைக்குள் வந்தபிறகு முதல்தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியும்டா" என்றார். "அன்னைக்கே தெரியும்."

பேக்கரிக்காரரின் முகவாய் நடுங்கத் தொடங்கியது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். எங்கே பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் ஏர் ரைபிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தை அடைவதற்குள் அறையிலிருந்து சாணைச் சக்கரத்தின் இரைச்சல் கிளம்பியது. யார் அழுதாலும், யார் என்ன சொன்னாலும் வெளியே கேட்காத இரைச்சல். கதவுக் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். அக்கா அண்ணன் தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தின்மேல் குனிந்து மும்முரமாக நின்றிருந்தார். அவர் கைகளில் ஒன்றுமே இல்லை.