நான்கு விரல்

இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கண்ணுகளா. இது பட்டப்பகலில், எனக்குத் தெரிந்த ஒரு கணக்கு டீச்சர் வீட்டில் நடந்தது. அவளுக்குக் கதை கட்ட வராது. இரண்டும் இரண்டும் நாலு என்பதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டாள்.

மூன்றாம் மாடியில் அவளும் தங்கையும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பாடத்தை டீச்சர் வீட்டுக் கரும்பலகை முன்னால் நின்று நடத்துவாள்; தங்கை போனில் படம் பிடிப்பாள். ஒரே பாடத்தை மூன்று நான்கு தடவை எடுப்பார்கள். அந்த ஆப் இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் 'புதிய பதிவு' என்று ஒரே பேர்தான் வைக்கும். எல்லாவற்றிலும் அதே கரும்பலகைப் படம். ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பட்டியல் சீட்டுக்கட்டாய்க் கலைந்து கிடக்கும். தங்கை அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மேசையை இரண்டு தட்டுத் தட்டி, கேமரா முன்னால் விரல் காட்டுவாள். முதல் தடவைக்கு ஒரு விரல், அடுத்ததற்கு இரண்டு. சின்ன வயதில் கதவில் நசுங்கி அவள் சுண்டுவிரல் கோணியிருக்கும்.

தங்கை இறந்து முப்பத்தெட்டு நாள். டீச்சர் அழவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். உள்ளே மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். தங்கையின் குரல் ஒரே ஒரு பதிவில் மிச்சம் இருந்தது. ஒரு விரல் வரும். பிறகு அந்தச் சிரிப்பு. "அக்கா, பாடம் நடத்துறியா, இல்ல பரீட்சைக்கு வந்தவ மாதிரி முழிக்கிறியா?"

அன்று நான்கு மணிக்குள் ஒரு பாடம் அனுப்பியாக வேண்டும். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தாள். 2.10க்கு ஆரம்பித்தாள். ஜன்னல் பக்கம் போனால் படத்தில் விழமாட்டோம் என்று தெரியும், பழக்கதோஷம், நடந்தாள். நான்கு பதிவு. விரல் காட்டும் நினைப்பே வரவில்லை.

3.20. அனுப்பப் போனாள். 'இடம் இல்லை. ஒன்றை அழிக்கவும்.'

முதலில் எடுத்தது நாற்பது நொடியில் திணறி நின்றிருந்தது. நீளத்தை வைத்து அதைக் கண்டுபிடித்து, 'அழி' என்பதைத் தொட்டாள். தொட்ட நொடியில் பட்டியல் குலுங்கி இடம் மாறியது.

நாற்பது நொடிப் பதிவு அப்படியே இருந்தது. தங்கையுடையதோடு சேர்த்து ஐந்து இருந்ததில் வேறு ஏதோ ஒன்று போய்விட்டது. திரும்பக் கொண்டுவர வழியில்லை.

போனது தங்கையோ? அவளுடையதில் மட்டும்தான் விரல் வரும். டீச்சர் விரலைத் தேடினாள்.

முதலாவதைத் திறந்தாள்.

டக்... டக்.

ஒரு விரல் எழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விரல் இறங்கியது. பின்னால் டீச்சர் நின்றாள்... அன்று காலை போட்ட நீலச் சட்டையில்.

அடுத்தது.

டக்... டக். இரண்டு விரல். நீலச் சட்டை.

அடுத்தது. மூன்று.

என்றும் கலைந்து கிடக்கும் பட்டியல், இன்று வரிசையாக வந்தது.

3.41. கடைசி.

டக்... டக்.

நான்கு விரல்.

சுண்டுவிரல் கோணியிருந்தது.

டீச்சர் கத்தவில்லை. அதற்கு மேல் பார்க்கவும் இல்லை. அந்த நான்காவதையே அனுப்பினாள். 3.52.

5.10க்குப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்காரம்மா கூப்பிட்டாள்.

"டீச்சர், பாடம் வந்துருச்சு. முன்னால விரல் வர்ற துண்டை எப்பவும் போல வெட்டிடவா?"

"வேண்டாம். அது இருக்கட்டும்."

"சரி. கூட யாரு, புதுசா ஆள் வச்சிருக்கீங்களா?"

"ஏன்?"

"நீங்க ஜன்னல் பக்கம் நடக்கிறப்பல்லாம் கேமராவும் கூடவே வருதே. கையில பிடிச்சுத்தானே எடுத்திருக்காங்க? ஒரு இடத்துல மூச்சு வாங்குற சத்தம்கூடக் கேக்குது."

டீச்சர் மேசையைப் பார்த்தாள். பாடம் முடியும்வரை போன் அந்தப் புத்தக அடுக்கை விட்டு அசையவே இல்லை, கண்ணுகளா.