திருநீறு தேய்த்த மொசாம்பிக் காசு

மயிலாப்பூர்க் குளத்தருகே நடைபாதையில் பழைய பித்தளைச் சாமான் விற்கும் ஓர் அம்மாவின் முன்னால் நிற்கிறேன். போர்த்துக்கீசியர் ஆண்ட ஆப்பிரிக்க நாடுகளின் வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பவன் நான். கரூரிலிருந்து அவற்றைத் தேடித்தான் வந்தேன். அவருடைய கிண்ணத்தில் இரண்டு மொசாம்பிக் காசுகள் கறுத்துக் கிடக்கின்றன. அந்தக் கறுப்புதான் எங்களுக்கு அழகு. தேய்த்தால் கீறல் விழுந்துவிடும்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் ஒன்றை எடுத்துத் திருநீறு போட்டுப் பரபரவென்று தேய்க்கிறார்.

"பாருண்ணே, எப்டி பளபளன்னு கீது! எந்த ஊரு காசு இது?"

"ஆப்பிரிக்கா" என்கிறேன் மெல்ல.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்ததை அழுக்கோடவா குடுப்பாங்க?"

அடுத்த காசையும் எடுத்துத் திருநீற்றில் விரலை வைக்கிறார்.

"தேய்க்காதீங்க!"

பூக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கிறார். நானா இப்படிக் கத்தினேன்?

அந்த அம்மா சிரிக்கிறார். "ஐய, உனக்கு வாயி கீதா? வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன்!"

கறுத்த காசை அப்படியே என் கையில் வைக்கிறார். அதே வேகத்தில், இது உங்களிடம் எப்படி வந்தது என்றும் கேட்டுவிடுகிறேன். அவர் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொல்கிறார்.