ஓசூருக்கு ஒரு டின் மக்ரூன்

வியாழக்கிழமை மாலை தூத்துக்குடியில் மைசூர் வண்டி ஏறும்போது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுத் துணி. இன்னொன்றில் முந்திரிப் பருப்பு, தேங்காய், காலி பிஸ்கட் டின் ஒன்று. வண்டி ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரர், “ஓசூர்ல தேங்கா விக்காதா?” என்று கேட்டார். விற்கும். ஆனால் தம்பிக்குப் பெண் கேட்கப் போகிற இடத்துக்கு, முன்பின் தெரியாத தேங்காயில் அல்வா கிண்டிக்கொண்டு போக எனக்கு மனம் வராது. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் மூத்தவள் நான். பெண் கேட்க வேண்டியவளும் நான்தான்.

தம்பி இசக்கிமுத்து ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஆலையில் வேலை பார்க்கிறான். போன புதிதில் பேச ஆள் இல்லாமல், அறையில் அடுப்போடு ஒரு சின்ன மின்சார ஓவனும் வாங்கி வைத்து எங்கள் கடற்கரைப் பக்கத்துத் தித்திப்பு ஒவ்வொன்றையும் செய்ய ஆரம்பித்தான். தினமும் போனில் என் உயிரை வாங்குவான். “எக்கா, சீனிப் பாகு முறுகிப் போச்சு. எக்கா, மக்ரூன் நடுவுல பிசுபிசுங்குது.” அப்படிச் செய்த மக்ரூனில் ஒன்றை ஆலையில் பக்கத்து மிஷினில் நிற்கும் மஞ்சுளாவுக்குக் கொடுத்திருக்கிறான். மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சுளாவின் அப்பா வெங்கடசாமி, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ரோஜாவும் முட்டைகோசும் பயிரிடுகிறவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. பல மாதம் கெஞ்சிய மகளிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: “பார்க்கலாம்.” அத்திப்பள்ளிப் பக்கம் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறானாம். சனிக்கிழமை எங்களைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் பேச்சு அங்கே போய்விடும். எங்களுக்கு இன்னொரு தடவை கிடையாது.

வெள்ளி விடியலில் ராயக்கோட்டை மலை ஜன்னலில் வந்து போனது. கூடவே குளிரும் வந்தது. எங்கள் ஊரில் மார்கழியிலும் இப்படிக் கிடையாது. ஓசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரர் தம்பி தங்கியிருக்கும் ஜூஜுவாடிக்கு இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு இறங்கினார். வழியில் போனில் ஒருவரிடம் கன்னடம், ஒருவரிடம் தெலுங்கு, நடுவில் என்னிடம் தமிழ். “இன்னாக்கா பையில, இம்மாங் கனம்?” என்றார். பெண் கேட்கிற சாமான் என்றேன். “அப்ப பள்ளத்துல மெதுவா ஓட்றேன்” என்று சொன்னார், சொன்னபடியே ஓட்டினார்.

தம்பியின் அறை மாடியில். சாமான் வைத்தது போக இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவர் வந்தால் படியில்தான். பகல் முழுக்க மஸ்கோத் அல்வா கிண்டினோம். ஊறவைத்த மைதாவைப் பிசைந்து எடுத்த பாலும் தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்ந்து, எண்ணெய் கக்குகிறவரை கை நிற்கக் கூடாது. நெய் ஒரு சொட்டும் கிடையாது, எல்லாம் தேங்காய் கொடுப்பது. இவன் கிளறும்போது நான் குறை சொன்னேன், நான் கிளறும்போது இவன் சொன்னான். கைவலி தீர்ந்ததோ இல்லையோ, பொழுது போனது.

சாயங்காலம் மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவைத் தம்பி அடித்த அடியில், சட்டியைக் கவிழ்த்தாலும் நுரை விழவில்லை. சீனியும் பொடித்த முந்திரியும் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பி, சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிழிந்தான். “இந்தக் குளிருக்கு ஆறுனா உடனே பதத்துப் போகும்க்கா, மொறுமொறுப்பு நிக்காது. ஓவனுக்குள்ளேயே கெடக்கட்டும்” என்று இளஞ்சூட்டில் விட்டுவிட்டான். காலையில் எடுத்து ஒன்றைக் கடித்தேன். நொறுங்கிக் கரைந்தது. எங்கள் ஊர் வெயிலை ஒரு வாய் தின்ற மாதிரி இருந்தது. வாய்விட்டுப் பாராட்டினால் தலைக்கனம் ஏறும் என்று, “பரவாயில்லலே” என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஓசூரிலிருந்து டவுன் பஸ். எனக்கு இலவசச் சீட்டு, தம்பிக்குப் பன்னிரண்டு ரூபாய். அணையைத் தாண்டும்போது மதகுக்குக் கீழே தண்ணீர் மேல் வெள்ளை வெள்ளையாய் நுரை ஒதுங்கிக் கிடந்தது. “நீ அடிச்ச நுரை கணக்கால்லா இருக்கு” என்றேன். “அது மேலேருந்து வார கழிவுக்கா. அதப் போயி இதோட சேக்காத” என்று கோபித்துக்கொண்டான். புதுச் சட்டைக் காலருக்குள் அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்திருந்தது.

நிறுத்தத்தில் வெங்கடசாமியே வந்து நின்றார். நெற்றியில் நாமம், அடர்ந்த மீசை, சிரிக்காத முகம். “வாங்கம்மா. அத இப்டி குடுங்க, நான் எடுத்துக்கினு வரேன்” என்று டின்னை வாங்கிக்கொண்டார். அல்வாத் தட்டு தம்பி கையில். வரப்பு ஒற்றையடிப் பாதை. தம்பி முன்னால், நான் நடுவில், அவர் கடைசி. இரண்டு பக்கமும் ரோஜாப் பாத்தி. பின்னால் கறுக் கறுக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. செருப்புக்கடியில் சரளைக்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மஞ்சுளாவின் அம்மா லட்சுமம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். மஞ்சுளா கதவோரம் நின்று தம்பியைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். வந்தவர்கள் கொண்டுவரும் பண்டத்தை முதலில் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டார் தொடுவார்கள் போலிருக்கிறது. லட்சுமம்மா பெருமாள் படத்துக்கு முன்னால் அல்வாத் தட்டை வைத்து, பக்கத்தில் டின்னையும் திறந்து வைத்தார். “சனிக்கிழம இல்லியாம்மா? எங்க வீட்டுக்காரு இன்னிக்கி விரதம். கவுச்சி, முட்ட எதுவும் இந்த வாசப்படி தாண்டாது. கல்யாணத்துக்கு முன்னாடியே புடிச்ச விரதம்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே கற்பூரம் வைத்துத் தீக்குச்சியை உரசினார்.

நான் தம்பியைப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர் மூளையில் மக்ரூன் இருப்பது மிட்டாய்ப் பக்கம். முட்டைப் பக்கம் இல்லை. சனிக்கிழமை பெருமாளுக்கு உரிய நாள் என்பதும் மக்ரூனில் முட்டை என்பதும் இரண்டு நாளாக எங்கள் இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் எனக்குப் பட்டது. யாருக்குத் தெரியப் போகிறது?

தம்பி எழுந்துவிட்டான். “அம்மா, அத வைக்காதீங்க. அதுல முட்டை இருக்கு. நாந்தான் செஞ்சேன், யோசிக்காம கொண்டாந்துட்டேன். மன்னிச்சிருங்க.”

தீக்குச்சி லட்சுமம்மா விரலைச் சுட்டபிறகுதான் அணைந்தது. டின்னை எடுக்கக் குனிந்தவர் அப்போதுதான் உள்ளே பார்த்தார். மேல் அடுக்கில் பாதி இல்லை. மெதுவாகத் திரும்பிக் கணவர் முகத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மீசை முழுக்க வெள்ளைத் துகள்.

“ஏமய்யா, நுவ்வு தின்னாவா?”

வெங்கடசாமி விட்டத்தைப் பார்த்தார்.

“சாமிக்கி வெக்கறதுக்கு முன்னாடியே?” இது தமிழில், எங்களுக்கும் புரியட்டும் என்று.

“ஒண்ணு கீழ உழுற மாரி இருந்திச்சி” என்றார் அவர்.

“ஒண்ணா?”

“மீதியும்தான்.”

மஞ்சுளாதான் முதலில் சிரித்தாள், தாவணி நுனியை வாயில் அழுத்திக்கொண்டு. அடக்கப் பார்த்து என்னாலும் முடியவில்லை. லட்சுமம்மா மட்டும் சிரிக்காமல் புருஷனைக் கிணற்றடிக்கு அனுப்பித் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரச் சொன்னார். அவர் ஈரத் தலையோடு வந்து பெருமாள் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அல்வாவை மட்டும் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். அவர் இரண்டாம் தடவை அல்வா கேட்டு வாங்கித் தின்றார். ஆனால் கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானாக எடுத்தபோதும், “சாப்டுங்கம்மா மொதல்ல” என்று பேச்சைத் திருப்பிவிட்டார். சாப்பாடு முடிந்தது, வெற்றிலை வந்தது, அப்போதும் ஒன்றுமில்லை. என் தம்பியின் முகம் வாடிப் போனது.

கிளம்பினோம். டின்னை எடுக்கப் போன தம்பியை வெங்கடசாமி தடுத்தார். “இருக்கட்டும். நாளைக்கி ஞாயித்துக்கெழம.” நிறுத்தம்வரை கூடவே வந்தவர், தூரத்தில் பஸ் தெரிந்ததும் கேட்டார்.

“ஏம்ப்பா, அத முட்ட இல்லாம செய்ய முடியாதா?”

பொய் சொல்லத் தெரியாதவன், “முடியாதுங்க” என்றான்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். “செரி. அப்ப எங்க ஊட்ல சனிக்கிழம மட்டும் செய்யாத.”

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் தம்பி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டான். “கடைசிவரைக்கும் ஒண்ணுஞ் சொல்லலியேக்கா.”

“ஏல மடையா, சனிக்கிழம மட்டும் செய்யாதன்னாரே. மத்த ஆறு நாளும் யாரு வீட்டு அடுப்புல செய்யச் சொன்னாரு?”

எங்கள் பக்கம் சம்மதம் என்றால் நாலு பேரைக் கூட்டி, தாம்பூலம் மாற்றி, தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்கள். இந்த மனிதர் வாரத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தம்பி என்னையே பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.