மழை பெய்தால் கப்பல் கிளம்பாது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சாமான் சீட்டும், ஆபீஸ் விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்தும்தான். ஒற்று விட்டுப்போயிருக்கும், நடந்ததில் முன்பின் மாறியிருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். வெளியே பெய்கிற நிஜ மழையை விளையாட்டுக்குள் கொண்டுவருவது புது யோசனை இல்லை. அதை நான் பத்து வயதிலேயே செய்துவிட்டேன்.

இதை இப்போது சொல்லக் காரணம் என் தம்பி மகன். கோலாலம்பூருக்கு வெளியே செமினியில் இருக்கிறான். கைப்பேசியில் விளையாடும் விளையாட்டுகளைச் செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, செய்துகொண்டிருக்கும் ஒன்றைக் காட்டினான். திரையில் ஒரு காய்கறித் தோட்டம். நம் வீட்டுக்கு வெளியே மழை பெய்தால் அந்தத் தோட்டத்திலும் பெய்யும், விதை முளைக்கும். வெயில் அடித்தால் அங்கேயும் மண் காயும். நான் என் பெருமையைச் சொன்னதும் சிரித்தான். பிறகு அவன் ஆபீஸில் ஒரு வாரமாக நடக்கும் சண்டையைச் சொன்னான். இரண்டு பேர் சேர்ந்து விளையாடுகிறார்கள். ஒருவர் வீட்டில் மழை, இன்னொருவர் வீட்டில் வெயில். யார் வீட்டு மழையைத் தோட்டத்தில் விடுவது? நான் விழுந்ததும் அதே இடத்தில்தான். வாயால் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு, ரயில் வரும்போது தண்டவாளத்தைப் பிரித்துச் சேர்த்துவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ரயில்வேயில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கொடி காட்டாமல் வண்டி நகராது, ஸ்டேஷன் மாஸ்டரே சொன்னாலும் நகராது. அந்தப் பழக்கத்தை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். யார் எப்போது குளிப்பது, ரேடியோ எத்தனை மணிவரை பாடலாம் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும், அடியில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டதை மீறுவது என்பது எங்கள் வீட்டில் கிடையாது. உலகத்திலும் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

மழைதான் என்னை விளையாட்டுச் செய்ய வைத்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெளியே ஓட முடியாது. காலண்டர் தாளின் பின்புறத்தில் கோலாலம்பூரிலிருந்து போர்ட் கிள்ளான் வரை ரயில்பாதை வரைந்தேன். சோடா மூடிகள்தான் ரயில்கள். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து உருட்டினால், எத்தனை வெள்ளையோ அத்தனை கட்டம் நகரலாம். இதுவரை எல்லாரும் செய்வதுதான். என் சொந்தச் சரக்கு இனிமேல்தான். வெளியே மழை தொடங்கினால் எல்லா ரயிலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இடி இடித்தால் ஒரு ஸ்டேஷன் பின்னால் போக வேண்டும். மழை விட்டு வெயில் வந்தால், அப்போது யார் முறையோ அவருக்கு இரண்டு மடங்கு.

மழை எப்போது வரும் என்பது எனக்கு அத்துப்படி. காற்று சட்டென்று நிற்கும், சமைக்கிற குசினியின் தகரக் கூரைச் சூடு முகத்தில் அடிக்கும், அடுத்த வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுத் துணி எடுப்பார்கள். அதைப் பார்த்து என் ரயிலை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா நாலு நாள் விளையாடிவிட்டு, "உன் கேம்ல மழைதான்லா ஜெயிக்குது, நாம எதுக்கு?" என்று எழுந்துபோய்விட்டாள்.

கடைசிவரை என்னோடு விளையாடியது சித்தப்பா ஒருவர்தான். அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். கொட்டையை உருட்டுவதற்கு முன் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். இடி இடித்தால், நான் சொல்வதற்கு முன்பே தன் மூடியைப் பின்னால் தள்ளிவைப்பார். பெரியவர்கள் குழந்தைகளிடம் வேண்டுமென்றே தோற்பார்களே, அந்த வேலையெல்லாம் அவரிடம் கிடையாது.

அந்த வருஷம் அவர் பகலிலும் வீட்டில் இருக்கத் தொடங்கினார். எனக்கு அது கொண்டாட்டம். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் வேலை பார்க்க பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அவருக்குக் கிடைக்கவில்லை, கிடங்கு வேலை போய்விட்டது. ஆறு வயதில் தாத்தாவோடு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர், முப்பது வயதில் அதே போல் கப்பலேறி, முகம் தெரியாத சொந்தக்காரர்களிடம் போக வேண்டும் என்று முடிவானது. எனக்குப் புரிந்தது கடைசிப் பகுதி மட்டும்தான். வியாழக்கிழமை சித்தப்பா போர்ட் கிள்ளானில் கப்பல் ஏறுகிறார்.

நான் அழவில்லை. எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. புதன்கிழமை சாயந்திரம் காலண்டர் தாளை எடுத்து, போர்ட் ஸ்டேஷனுக்குக் கீழே புது விதி எழுதினேன். மத்தியானம் போர்ட்டில் மழை பெய்தால் கப்பல் கிளம்பாது, ஏற வந்தவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"வெயில் அடிச்சா, பாப்பா?"

"அடிச்சா நீங்க போலாம் சித்தப்பா."

அந்த வாரம் ஒருநாள்கூட மழை தவறவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அத்தனை பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெயர் முழுவதையும் எழுதி, கீழே தேதியும் போட்டார்.

மறுநாள் காலை ரயிலில் அப்பாவும் சித்தப்பாவும் பெட்டியோடு புறப்பட்டார்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. இரண்டு மணிக்கு நல்ல வெயில். மூன்று மணிக்கும் வெயில். அடுத்த வரிசையில் யாரும் துணி எடுக்கவில்லை. மூன்றரைக்குத்தான் காற்று நின்றது. அப்புறம் பெய்தது பாருங்கள், எதிர் வீட்டு வாசல்கூடத் தெரியவில்லை. நேராகக் குசினிக்குப் போய், சித்தப்பாவுக்கும் சேர்த்துச் சோறு வைக்கச் சொன்னேன். அம்மா தவழ்ந்துகொண்டிருந்த தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு ஒரு பிடி அரிசி கூடவே போட்டார்.

மழை ஐந்து மணிக்கு விட்டது. ஏழு மணிக்கு அப்பா வந்தார். பின்னால் யாரும் இல்லை. நான் வாசலுக்கு ஓடி, மழை வந்துவிட்டதே, சித்தப்பா எங்கே என்று கேட்டேன்.

"அங்க ஒரு சொட்டு மழை இல்லம்மா," என்றார் அப்பா. "நல்ல வெயில்."

பொய் சொல்கிறார் என்று நினைத்து அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. மழை என்றால் ஒரே மழை, இங்கே பெய்தால் அங்கேயும் பெய்யும் என்றல்லவா நினைத்திருந்தேன். என் காலண்டர் தாளில் அப்படித்தானே, ஜன்னலுக்கு வெளியே பெய்கிற ஒரு மழை எல்லா ஸ்டேஷனையும் நிறுத்திவிடும். தாளைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். விதியையும் கையெழுத்தையும் படித்தவர், தாளை மடிக்காமல் என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"ரூல்படிதான் போயிருக்காரு," என்றார்.

தோற்றேன், ஒழுங்காகத் தோற்றேன். சித்தப்பா ஏமாற்றவில்லை, தப்பு என் விதியில்தான் இருந்தது. மறுநாளே திருத்தி எழுதினேன், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அதனதன் மழை என்று. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு கிள்ளானில் மழையா வெயிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளையாட்டு அத்தோடு நின்றுபோனது. தம்பி மகனுக்கு என் பதில் இதுதான். அவரவர் வீட்டு மழை அவரவருக்கு. ஒருவர் மழையை இன்னொருவர் தலையில் கொட்டக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சித்தப்பாவிடமிருந்து பல வருஷம் கடிதம் வந்தது. எல்லாரையும் விசாரிப்பார். கப்பல் ஏறிய நாளைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் நான் தொட்டுப் பார்த்த அந்தச் சட்டை கண்ணுக்குள் வந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டை கிடையாது, அவர் அன்று காலையில் காக்கியில் போனார். நீலக் கட்டம் சித்தப்பாவுடையது, பெட்டிக்குள் மடித்து வைத்துக் கொண்டுபோனது. போர்ட்டில் ஒரு சொட்டு மழை இல்லையென்றால் அப்பா எதற்குச் சட்டை மாற்றினார்? காக்கிச் சட்டை மறுநாள் காலை பின்பக்கக் கொடியில் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா துவைத்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்து, அதன் அடியில் குனிந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பத்து வயதில் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தது. யாருடையது என்று பார்க்கத் தெரியவில்லை.

பழைய நாட்களின் மழையைக்கூட எங்கோ பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று தம்பி மகன் சொல்கிறான். தேதி காலண்டர் தாளில் சித்தப்பா கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது, தாள் என் பீரோவில் இருக்கிறது. போர்ட் கிள்ளானில் அன்று மத்தியானம் எத்தனை மணிக்கு மழை தொடங்கியது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் பெயர்களில் தப்பு இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.