பெருக்கிய தோப்பு

சாமிதுரையின் கோடைக்கால வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் பெட்டி கட்டுகிறவர். கோடையில் மட்டும், சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் என்னோடு மேய்ச்சல் நிலம் அளக்க வருவார். நேராக நூறு அடி எடுத்து வைத்து, ஒவ்வோர் அடியிலும் செருப்பு நுனியில் இருப்பதைச் சொல்வார்: புல், சருகு, வெறுந்தரை. எழுதுவது நான். புல்லும் சருகும் மண்ணுக்குப் போர்வை. வெறுந்தரை நாற்பதைத் தாண்டினால் சர்க்கார் வேலி போட்டு மூடிவிடும்; அந்த இடத்தில் இரண்டு வருஷம் ஆடு மேய்க்கக் கூடாது.

மங்கலம்பேட்டை ரோட்டோரத் தோப்பில் அவருடைய அக்கா சொர்ணாம்பாள் பதினோரு ஆடுகள் மேய்த்தார். அந்த அம்மாவுக்குச் சோறு போட்டதே அந்த ஆடுகள்தான். வாய் சும்மா இருக்காமல், "நாளைக்கு அளக்க வரோம்க்கா" என்று இவர் சொல்லி வைத்தார். நாலு பேர் வருகிறார்கள் என்றால் வாசல் பெருக்குகிற சனம் அல்லவா? அக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், தோப்பில் கிடந்த சருகையெல்லாம் பெருக்கி எரித்து, தண்ணீரும் தெளித்துவிட்டார்.

காலையில் போனால் தோப்பு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது! "எப்படி இருக்குது தம்பி?" என்று விளக்குமாறும் கையுமாக அக்கா நிற்கிறார். சாமிதுரை நூறு அடி நடந்து சொன்னார், நான் எழுதினேன். போன வருஷம் வெறுந்தரை முப்பத்தொன்று, இப்போது அறுபத்தாறு.

"போன வருஷக் கணக்கையே எழுதிடுறேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்று அவர் காதில் சொன்னேன்.

"வேணாம் சார். யாரு பெருக்குனாங்கன்னு மழை கேக்குமா? மொத மழையிலயே மண்ணு அடிச்சிட்டுப் போயிடும். ஆடும் மிதிச்சா அப்புறம் புல்லு ஏது?"

பாழாய்ப்போன நேர்மை! அறுபத்தாறு என்றே கணக்கை அனுப்பினேன். மறுவாரம் தோப்பைச் சுற்றி வேலி வந்துவிட்டது.

அக்கா பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அவ்ளோ சுத்தமா வெச்சோமேடா! நாங்க எதுனா தப்பு பண்ணிட்டோமா?"

"உம்மேல தப்பில்லக்கா. நான்தான் மூடச் சொன்னேன்" என்றார் சாமிதுரை.

ஆறு வருஷத்தில் ஓர் அடியைக்கூட மாற்றிச் சொல்லாத மனுஷன்! நான் வாயைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மேய்ச்சல் இல்லாமல் அக்கா விற்ற ஆடுகளைத் திட்டக்குடிப் பக்கம் ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா இப்போது தம்பி வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. வழியில் பார்த்தால் மண்ணை வாரித் தூற்றுகிறார். இவர் தலை குனிந்து நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நடந்ததை நானே அவங்ககிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாம் சார். எம்மேல கோவம்னா அக்கா திட்டிட்டுச் சோறு தின்னும். தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா தின்னாது."